தலைப்பெழுத்து

தமிழகத்தை விட்டு வெளியேறிய நம்மவரிடம் ஏதேனும் ஒரு படிவம் கேட்டே இருக்கும்: "குடும்பப் பெயர் என்ன?" 1979இல் தில்லியில் வேலைக்குச் சேர்ந்த அன்று அக்கேள்விக்கு விடையறியாது நின்றேன். பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன் இருந்தது 'மா.' என்னும் ஓரெழுத்தே. சாதிப் பெயரா என்றார் எழுத்தர். சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்த வரலாறெல்லாம் அவருக்கு எங்ஙனம் விளங்கும்? தந்தையின் பெயர் என்றேன். அவ்வெழுத்தை விரித்து என் பெயருக்குப் பின்னே எழுதிக்கொண்டார். அன்று முதல் அலுவலகத்தில் என்னை அப்பாவின் பெயராலேயே அழைத்தனர். பெற்றவர் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஊரில் வளர்ந்தவன் நான். தொடக்கத்தில், அப்பாதான் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்ததுண்டு.

வங்கிக் கணக்கிலும் மகளின் பள்ளிப் பதிவேட்டிலும் அப்பெயரே ஏறியது. 2016இல், ஓய்வுக்கு ஓராண்டு முன்னர், வைப்புநிதித் தாள்களைப் பார்த்தவர், சான்றிதழில் உள்ளவரும் அலுவலகத்தில் உள்ளவரும் ஒருவரே என்பதற்கு அத்தாட்சி கேட்டார். எல்லாத் தாள்களிலும் 'மா.'வை மீட்க வேண்டும். அன்றேல் எழுத்தர் இட்ட பெயரைச் சட்டப்படி என் பெயராக்கிக்கொள்ள வேண்டும். வேதாசலம் மறைமலையடிகளானது தமிழ்மேற்கொண்ட காதலால். எனக்கு வாய்த்த காரணமோ வைப்புநிதி!

மீட்பதே முறை என்றுதான் முதலில் எண்ணினேன். என் மனத்தை மாற்றியது ஒரு பழைய நினைவு.

1982ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அப்பா கரோல் பாக்கில் என் அறைக்கு வந்து தங்கியிருந்தார். ஒருநாள் காலை, பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் வாசலில் நின்று, அப்பெயரோடு 'ஜீ' சேர்த்து அழைத்தார். அவர் தேடி வந்தது என்னை. அப்பாவோ தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பதறி எழுந்தார். ஊரில் பண்ணை வீட்டுச் சிறுபிள்ளைகளும் ஒருமையில் விளித்த பெயர் அது. பெரியவர் சென்றபின் கேட்டார்: "ஜீன்னா என்னலே?"

"மரியாதைப்பா."

சற்று நேரம் பேசாதிருந்தார். "எம் பேருக்கா?"

அப்பெயரை மீண்டும் ஓரெழுத்தாகச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரி முன் கையொப்பமிட்டேன். இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தேன். பின்னர் இருவர் சாட்சிக் கையொப்பமிட்ட விண்ணப்பம், நாளிதழ்ப் பக்கங்கள், புகைப்படம், கட்டணம் ஆகியவற்றுடன் சிவில் லைன்ஸில் உள்ள வெளியீட்டுத் துறைக்குச் சென்றேன். இந்திய அரசிதழின் நான்காம் பகுதியில் இத்தகைய அறிவிப்புகள் வெளியாகின்றன. (தமிழ்நாட்டில் வாழ்வோர்க்கு அம்மாநில அரசிதழ் உண்டு.) இவ்வழியில் செல்ல எண்ணுவோர் விளம்பரம் அச்சேறுமுன் ஒவ்வோர் எழுத்தையும் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுகையில் ஓர் 'எச்' கூடினாலும் குறைந்தாலும் இடர்தான்.

அறிவிப்பின் வாசகம் எல்லார்க்கும் ஏறத்தாழ ஒன்றே: இன்னாரின் மகனாகிய நான், இதுவரை இன்ன பெயரால் அறியப்பட்டவன், இனி இன்ன பெயரால் அறியப்படுவேன். என் அறிவிப்பில் அப்பாவின் பெயர் இருமுறை வந்தது; ஒருமுறை தந்தையாக, ஒருமுறை நானாக. கைநாட்டன்றி வேறு ஒப்பம் அறியாத அவர் அப்போது உயிருடன் இல்லை. அப்பக்கத்தின் படியொன்றை ஊர் வீட்டில் அவர் படத்தின் பின்னே செருகி வைத்திருக்கிறேன்.