சிவந்த பாத்தி

தூத்துக்குடி உப்பளத்தில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. மே மாதம். பத்து மணிக்கு மேல் பாத்தியில் நிற்க முடியாது. நான் ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அறுபதை நெருங்கிய ஓர் அக்கா நீண்ட கம்பு செருகிய வாருபலகையால் அடியில் படிந்த உப்பை இழுத்து வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் முதலில் ஓடு உடைவதுபோல ஒரு சத்தம், பிறகு நறநறவென்று ஈர உப்பு நகரும் சத்தம்.

"தம்பி, செருப்போட எறங்காதிய. உப்பு அழுக்காயிரும்."

உப்பைவிட, தண்ணீரின் நிறத்தைப் பார்க்கத்தான் நான் வந்திருந்தேன். நிலத்தடியிலிருந்து இறைத்த உப்புநீர் பெரிய தேக்கங்களில் காய்ந்து, டிகிரி ஏற ஏற அடுத்தடுத்த பாத்திக்குப் போகிறது. உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவில் கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரிதான். 25-ஐத் தொட்டால் உப்பு விழத் தொடங்கும். முப்பதை நெருங்கினால் வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மக்னீசியக் கசப்பு உப்பில் ஏறிவிடும். டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாய் மேற்பார்வையாளரிடம் இருக்கிறது. அக்காவுக்கு அது தேவைப்படவில்லை.

"இது பச்சையா கெடக்குல்லா, எளந்தண்ணி. அந்தா, அது பழுத்துட்டு."

பழுத்ததாகச் சொன்ன பாத்தி செங்கல் கரைத்ததுபோல இருந்தது. குழாயை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். இருபத்தைந்துக்கு மயிரிழை குறைவு.

இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, கல்லூரி ஆய்வகம் ஒன்றில் பாசி வளர்க்கும் பேராசிரியையிடம் போனேன். முதல் சொட்டை நானே கண்ணாடித் துண்டில் வைத்தேன். உப்பு உறைந்து மறைக்கிறதே என்று கையிலிருந்த குடிநீரை ஒரு துளி சேர்த்தேன். கண்ணெதிரே செல்கள் உப்பிப் படபடவென்று வெடித்து, ஆரஞ்சுத் துகள்கள்தான் மிச்சம். டுனாலியெல்லா சலைனா என்ற இந்தப் பாசிக்குக் கெட்டியான செல்சுவர் கிடையாது. வெளியே உள்ள உப்புக்கு ஈடாக உள்ளே கிளிசராலை நிரப்பிவைத்துத்தான் அது தாக்குப்பிடிக்கிறது. அதனிடம் திடீரென்று நல்ல தண்ணீரைக் காட்டினால் கதை முடிந்தது. அம்மையார் திட்டவில்லை, வேறொரு கண்ணாடித் துண்டை நீட்டினார்.

1838-இல் பிரான்சின் மோம்பெலியே வட்டாரத்து உப்பளங்களில் இந்தச் சிவப்பைக் கவனித்து எழுதியவர் டுனால். 1905-இல் ருமேனியரான தியோடொரெஸ்கு இந்தப் பாசிக்கு அவர் பெயரையே வைத்தார்.

ஜன்னலோரம் இரண்டு குடுவைகள் இருந்தன. இரண்டிலும் ஒரே பாசி, ஒரே உப்பு, ஒரே வெயில். ஒன்றுக்கு நைட்ரேட் உண்டு, அது புல்பச்சை. மற்றதற்கு இல்லை, அது பூசணிக்காய் உள்சதையின் நிறம். நுண்ணோக்கியில் பச்சைச் செல்கள் இரண்டு சாட்டைவால்களை வீசித் துறுதுறுவென்று ஓடின. ஆரஞ்சுச் செல்களோ உருண்டு, மந்தமாகக் கிடந்தன.

நைட்ரஜன் இல்லாமல் புரதம் இல்லை, புரதம் இல்லாமல் செல் இரண்டாகப் பிரியாது. ஆனால் வெயில் நிற்பதில்லை. ஒளிச்சேர்க்கை கொஞ்சமாவது நடந்துகொண்டேயிருக்கும், கரிமம் சேர்ந்துகொண்டேயிருக்கும். வீட்டில் ஆள் பெருகாமல் நெல் மட்டும் வந்தால் பத்தாயம் நிறைவதுபோல, அது மாவுப்பொருளாகவும் கொழுப்பாகவும் குவிகிறது. பச்சையம் இப்போது சுமை. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் முடங்கிக் கிடக்கின்றன, வாங்கிய ஒளியைச் செலவழிக்கவும் வழியில்லை. அதனால் செல் பச்சையத்தைக் குறைத்துக்கொள்கிறது. பீட்டா கரோட்டினோ வெறும் கரிமமும் ஹைட்ரஜனும்தான், அதைச் செய்ய நைட்ரஜன் வேண்டாம். பசுங்கணிகத்துக்குள்ளேயே எண்ணெய்த் துளிகளாக அது தேங்கி, வெயிலுக்குத் திரை கட்டுகிறது. உலர் எடையில் பத்தில் ஒரு பங்குவரை சேரும். ஆஸ்திரேலியாவின் ஹட் லகூனில் இந்தத் திரைக்காகவே பாசியைப் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். உணவுக்கு நிறமூட்ட அது போகிறது.

பாத்தியில் கணக்கு இவ்வளவு சுத்தமில்லை. அங்கே உப்பும் வெயிலும் பசியும் சேர்ந்தே நெருக்குகின்றன. டிகிரி ஏறிய பாத்தியின் சிவப்பில் பெரும்பங்கு உப்பை விரும்பும் ஆர்க்கியா நுண்ணுயிர்களுடையது. யார் கொடுத்த நிறமானாலும் அளத்துக்கு லாபம்தான். சிவந்த நீர் வெயிலைக் கூடுதலாக வாங்கிச் சூடேறி விரைவாக வற்றும்.

மறுநாள் காலை அக்காவிடம் சொன்னேன். அவர் பழுத்தது என்ற நிறத்தில் ஒரு பங்கு பட்டினி என்று.

"பசிச்சா செவக்குமாக்கும்?" என்றவர், நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எங்களுக்குக் கண்ணுல்லா செவக்கு."

உப்பின் வெண்மையில் வெயில் பட்டுத் திரும்பி அடிக்கிற கூச்சம் அது. வரப்பில் சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி, உறை பிரிக்காமல் கிடந்தது. ஏன் போட்டுக்கொள்வதில்லை என்று கேட்டேன்.

"அதப் போட்டா தண்ணி கலரு தெரிய மாட்டேங்குது தம்பி" என்று சொல்லிவிட்டு வாருபலகையை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்கு இறங்கினார்.