கூரைக்குப் பொறுப்பு யார்?

சர்ரேயில் வீடு பார்க்கப் போனால், ஏஜெண்ட் சமையலறையைக் காட்டுவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தைச் சொல்லிவிடுவார். தெருவின் இந்தப் பக்கம் என்றால் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் என்றால் வேறு பள்ளி. விலாசம்தான் சேர்க்கையைத் தீர்மானிக்கும். அரசுப் பள்ளிக்காக வீட்டு விலை ஏறுகிற ஊரை நான் முதலில் பார்த்தது கனடாவில்தான். நான் வளர்ந்த திருவொற்றியூரில், வாடகைக்கு வருகிறவர்கள் கேட்டது இரண்டே கேள்விகள்: தண்ணி நல்ல தண்ணியா, தேரடிக்கு எவ்வளவு தூரம். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டவர்கள் கான்வென்டைக் கேட்டார்கள்.

ஏஜெண்ட் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: அந்தப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்பது.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தென்மேற்கு மூலையில், வடக்கே ஃப்ரேஸர் ஆற்றுக்கும் தெற்கே கடலுக்கும் நடுவில் இருக்கிறது சர்ரே. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,68,322. பஞ்சாபிகள் கட்டிய ஊர் என்றே சொல்லலாம். எங்களைப் போன்றவர்கள் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டோம். பக்கத்துச் சிற்றூரான வைட் ராக்கையும் சேர்த்த இந்தக் கல்வி மாவட்டம்தான் மாகாணத்திலேயே பெரியது. 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள். அடுக்குமாடிகள் எழும் வேகத்துக்குப் பள்ளிகள் எழவில்லை. அதனால் பள்ளி மைதானங்களில் வரிசையாக நிற்கின்றன போர்ட்டபிள்கள்: மரச்சட்டத்தில் செய்து, லாரியில் கொண்டுவந்து இறக்கி வைக்கும் ஒற்றை வகுப்பறைகள். மாவட்டம் முழுவதும் 300-க்கும் மேல். பெரும்பாலும் உள்ளே கழிப்பறை கிடையாது. நவம்பர் மழையில் பிள்ளைகள் தலையில் ஹூடை இழுத்துவிட்டுக்கொண்டு பிரதான கட்டடத்துக்கு ஓடுவார்கள்.

என் மகளுக்கு போர்ட்டபிள் பிடிக்கும். அவள் வகுப்புக்குத் தனிப் படிக்கட்டு, தனிக் கதவு. ஹீட்டர் சீக்கிரம் சூடாகிவிடும் என்பாள். நான்தான் குமைந்துகொண்டிருந்தேன். என் ஆரம்ப வகுப்புகள் கீற்றுக் கொட்டகையில் நடந்தவை. கடல்காற்று ஓலையைப் பிய்த்துக்கொண்டு போகும், மழை பெய்தால் பெஞ்சை நகர்த்துவோம். அதிலிருந்து தப்பித்து இவ்வளவு தூரம் வந்து, மகளையும் கொட்டகையில் உட்கார வைத்திருக்கிறோமே என்று தோன்றும். கீற்றும் போர்ட்டபிளும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்துபோன பிறகு, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓலைக்கூரையை யாரும் சாதாரணமாகப் பார்த்ததில்லை. அதற்குப் பின்தான் கூரைகள் அகற்றப்பட்டு கான்கிரீட் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சுனாமி வந்தபோது, கரையோரக் குப்பங்களிலிருந்து ஓடி வந்தவர்கள் தங்கியதும் பள்ளிக்கூடங்களில்தான்.

போர்ட்டபிள் தற்காலிகம் என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். 2017 மாகாணத் தேர்தலில், சர்ரேயின் போர்ட்டபிள்களை நான்கு ஆண்டுகளில் ஒழிப்போம் என்று ஜான் ஹோர்கன் வாக்குறுதி கொடுத்தார். முதல்வரும் ஆனார். நான்கு ஆண்டுகளும் போயின, போர்ட்டபிள்கள் போகவில்லை. புதிய கட்டடங்கள் வராமல் இல்லை. ஒரு கட்டடம் எழும்புவதற்குள் அதை நிரப்பப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். இப்போது தொழிற்சாலையில் செய்து அடுக்கிப் பொருத்தும் மாடி வகுப்பறைகளுக்கு மாகாணம் பணம் கொடுக்கிறது. மாதக்கணக்கில் முடிந்துவிடும், பார்க்கவும் நன்றாகவே இருக்கின்றன.

பணம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. பள்ளிகளை நடத்துவது, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஏழு டிரஸ்டிகள் கொண்ட போர்டு. நிலமும் கட்டடமும் போர்டு பெயரில். ஆனால் புதிதாகக் கட்டும் பணம் கடலுக்கு அந்தப் பக்கம், விக்டோரியாவில் இருக்கும் மாகாண அரசிடமிருந்து வர வேண்டும். வீட்டு வரி ரசீதில் பள்ளிக்கென்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. நகராட்சி வசூலித்து மாகாணத்துக்கு அனுப்பிவிடும். புது வீடு கட்டும் கம்பெனிகளிடமிருந்து பள்ளி நிலம் வாங்க ஒரு கட்டணம் வாங்குகிறார்கள். அதில் நிலம் வாங்கலாம், சுவர் எழுப்ப முடியாது. போர்ட்டபிள் வாங்கும் செலவோ பெரும்பாலும் நடைமுறைச் செலவுக் கணக்கிலிருந்து, அதாவது ஆசிரியருக்கும் புத்தகத்துக்கும் உள்ள பணத்திலிருந்து. வளர்கிற ஊர், வளர்வதற்காகவே தண்டம் கட்டுகிறது. போர்டைக் கேட்டால் விக்டோரியாவைக் காட்டுவார்கள், விக்டோரியாவைக் கேட்டால் ஒப்புதல் அளித்த திட்டங்களின் பட்டியலைக் காட்டுவார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பழக்கப்பட்ட இடத்துக்கு வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

ஏனென்றால் எங்கள் பக்கத்துக் கதை இன்னும் சுற்றலானது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி எல்லாம் தனி நகராட்சிகளாக இருந்தவை. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தபோது, இவை உள்ளிட்ட 42 உள்ளாட்சிகள் அதில் கரைந்தன. தெருவிளக்கு, குப்பை, சாக்கடை எல்லாம் மாநகராட்சிக்குப் போயின. பள்ளிக்கூடம் போகவில்லை. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் மாநகராட்சியே நடத்தும் ‘சென்னைப் பள்ளி’கள்; பழைய எல்லை தாண்டி எங்கள் பக்கம் வந்தால் அதே மாநகராட்சியின் வார்டுக்குள் மாநிலக் கல்வித்துறைப் பள்ளிகளும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும்தான் இருந்தன. சொத்து வரியோடு கல்வி வரியும் சென்னையில் உண்டு. அதைக் கட்டிய எங்கள் தெருவில் இருந்த பள்ளி மாநகராட்சியுடையதாக இருக்கவில்லை. இது போதாதென்று 2016-லிருந்து 2022 தொடக்கம் வரை மாநகராட்சிக்குத் தேர்தலே நடக்கவில்லை. போய்ச் சொல்ல கவுன்சிலரும் கிடையாது. 2022-ல்தான் மன்றம் கூடியது, வடசென்னையைச் சேர்ந்த பிரியா மேயரானார். பத்தாண்டு கழித்துத்தான் விரிவாக்கப் பகுதிகளிலிருந்த 139 பள்ளிகளை மாநகராட்சிக்கு மாற்றினார்கள். ஏற்கெனவே அதனிடம் இருந்தவை 281.

அக்கா போனில் சொன்னாள்: “நம்ம ஸ்கூலு இப்போ கார்ப்பரேஷனுடா.”

“அதனால இன்னா ஆச்சு?”

“பைப்பு ஒடஞ்சா யார்கிட்ட போறதுன்னு தெரியுது. அது போதாதா?”

போதாது என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு யோசித்தால், அக்கா சொன்னதுதான் பாதி விஷயம் என்று பட்டது.

வடசென்னைக் கடலோரத்தில் கட்டடத்தைப் பராமரிப்பது மற்ற இடங்களைப் போல அல்ல. உப்புக்காற்று உள்ளே இறங்கிக் கம்பியைத் துருவாக்கும், துரு பருத்துக் காரையைத் தள்ளும், ஒரு நாள் மேல்தளம் பாளம் பாளமாகப் பெயரும். நன்றாகக் கட்டிய கட்டடமும் விதிவிலக்கு இல்லை. சீக்கிரம் பார்த்துப் பூசினால் பிழைக்கும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். சரியான காரியம். ஆனால் இடிப்பது ஒரு வாரம், கட்டுவது சில வருடங்கள். இடையில் பிள்ளைகள் மரத்தடியில், மற்ற வகுப்பின் ஓரத்தில். போர்ட்டபிளை நான் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

கடலும் சும்மா இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்தபோது, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை தின்னப்பட்டது. தெருக்கள் போயின, இப்போது பாறைக்கற்கள் கிடக்கின்றன. அந்தத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் தூசு ராயபுரம் வீடுகளின் கொடித்துணியில் படியும். 2011-ல் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. ராயபுரம் பிள்ளைகள் பிழைத்தார்கள். எண்ணூர் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

வைட் ராக் கடற்கரையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நிலக்கரி ரயில் போகும். அமெரிக்காவிலிருந்து வந்து, பக்கத்திலுள்ள ராபர்ட்ஸ் பேங்க் முனையத்தில் கப்பலேறும் கரி அது. அது ஆசியாவுக்குப் போகிறது என்று யாரோ சொன்னபோது, எனக்கு ஐஸ்கிரீம் இறங்கவில்லை என்று எழுதினால் மிகை. இறங்கியது. ஆனால் அங்கே கரித்தூசைப் பற்றி ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பதில் சொல்ல அதிகாரி வருவதையும் பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. நள்ளிரவில் ஊரே வீட்டை விட்டு ஓடியது. அடுத்த அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏதோ வாயுவால் மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். நிலநடுக்கத்துக்கு மேஜைக்கடியில் ஒளிய என் மகளுக்கு இங்கே ஒத்திகை நடத்துகிறார்கள். எண்ணூர் பிள்ளைகளுக்குக் காற்றைக் கண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்ற ஒத்திகை வேண்டும்.

சாப்பாட்டில் மட்டும் என் ஊர் முன்னே நிற்கிறது, அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியபோது மாநகராட்சித் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி நிற்கிறது. 2022-ல் காலை உணவும் வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா பள்ளி உணவுக்கென்று பெரிய தொகை ஒதுக்கியது 2023-ல்.

2021 பிப்ரவரியில் எங்கள் பக்கம் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. ஒரு காலத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையும் என்ஃபீல்டும் லேலண்டும் ஆட்களை இழுத்த இடத்தில், இப்போது அடுக்குமாடிகள் ஆட்களை இழுக்கின்றன. சர்ரேயிலும் லாங்லி வரை மேம்பால ரயில் கட்டுகிறார்கள், பாதை நெடுகக் கோபுரங்கள். ரயில் வருவது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிகிறது. அந்த ரயிலில் வரும் குடும்பங்களுக்கு எத்தனை வகுப்பறை வேண்டும் என்பதை மட்டும் இரண்டு ஊரிலும் பிற்பாடுதான் எண்ணுகிறார்கள்.

அக்கா மகள் இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். “மாமா, உங்க ஊர்ல மீட்டிங்ல இன்னா கேப்பாங்க?” என்றாள். மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினேன்: ஐந்து வருடம் கழித்து எத்தனை பிள்ளைகள் வருவார்கள், கட்டடத்தைக் கடைசியாகச் சோதித்தது எப்போது, அந்த அறிக்கை எங்கே. முதல் கேள்வியை அவள் அடித்துவிட்டாள். அந்த இடத்தில், காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை கண்டெய்னர் லாரிகளைப் பள்ளி வாசல் வழியாக விடாமல் இருக்க யாரிடம் மனு கொடுப்பது என்று எழுதி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறாள். மற்ற இரண்டும் அடுத்த மாதக் கூட்டத்துக்காம்.