கெட்டாலும் கேடு செய்யாத பொருள்



மதரஸா பாடம் முடிந்தபின், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பழைய வால்வு வானொலிகளைப் பழுது பார்ப்பது என் நெடுநாள் பழக்கம். நோன்புக் காலத்தில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் கடற்கரை ஊர்களில் பலர். அதனால் அப்பெட்டிகளைத் தூக்கியெறிய நமக்கு மனம் வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் தம் மறைந்த கணவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த வானொலியை என்னிடம் ஒப்படைத்தார். அதில் இருந்த மெழுகுத்தாள் கன்டென்சர்கள் அனைத்தும் ஈரம் ஏறி மின்சாரத்தைக் கசியவிட்டன. எல்லாவற்றையும் மாற்றினேன். அவற்றுள் ஒன்று, மின்கம்பி உள்ளே நுழையும் இடத்தில், கம்பிக்கும் பெட்டியின் இரும்புச் சட்டத்துக்கும் இடையே இருந்தது. மற்ற இடங்களில் வைத்த 630 வோல்ட் டிசி கன்டென்சரையே அங்கும் வைத்தேன். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தானே, 630 தாராளம் என்று எண்ணினேன். பெட்டி இனிமையாகப் பாடியது. பெரியம்மா துஆச் செய்தார்.

எட்டு மாதம் கழித்து அவருடைய பேரன் ஓடி வந்து என்னை அழைத்தான். குமிழ் கழன்று போயிருந்த உலோகத் தண்டைத் தொட்ட அவன் கையை மின்சாரம் உதறித் தள்ளியிருந்தது. அல்லாஹ்வின் அருளால் வேறு தீங்கில்லை. “உன்மேல குத்தமில்ல தம்பி, பழைய பொட்டிதானே” என்றார் பெரியம்மா. பெட்டி பழையதுதான். ஆனால் உள்ளே சார்ட் ஆகிக் கிடந்தது, நான் வைத்த புதிய கன்டென்சர். எர்த் இல்லாத இரண்டு முனைச் செருகி வேறு. முழு மின்னழுத்தமும் சட்டத்தில் நின்றிருந்தது.

அதன்பிறகே முறையாகக் கற்றேன். 230 வோல்ட் என்பது மாறுமின்சாரத்தின் கணக்கு; அதன் உச்சம் சுமார் 325 வோல்ட். அது நொடிக்கு ஐம்பது சுற்றாகத் திசை மாறி, இடைவிடாது கன்டென்சரை வருத்துகிறது. மின்னலாலும் மோட்டார்கள் நின்று இயங்குவதாலும் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும் திடீர் எழுச்சிகளும் கம்பியில் வருகின்றன. டிசிக்கென அளவிட்ட உறுப்பு இதற்காகச் செய்யப்பட்டதன்று.

இந்த இடங்களுக்கென்றே ஐஇசி 60384-14 என்னும் தரவிதியின்படி சோதிக்கப்பட்ட இரு வகைகள் உள்ளன. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே வைப்பது எக்ஸ் வகை. அது சார்ட் ஆனால் ஃபியூஸ் போகும், அல்லது தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. மனிதர் உடலில் நேரே மின்சாரம் பாய்வதில்லை. கம்பிக்கும் சட்டத்துக்கும் இடையே வைப்பது ஒய் வகை. அது சார்ட் ஆனால் தொடுபவர் உயிருக்கே ஆபத்து. எனவே ஒய் வகையின் சோதனை மிகக் கடுமையானது. சார்ட் ஆகும் வாய்ப்பு மிகவும் குறையும்படி அது செய்யப்படுகிறது. எக்ஸ்2 வகை 2,500 வோல்ட் எழுச்சியையும் ஒய்2 வகை 5,000 வோல்ட் எழுச்சியையும் தாங்கிக் காட்ட வேண்டும். எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒய் வைக்கலாம். ஒய் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் வைக்கவே கூடாது.

ஒய் வகையிலும் கொள்ளளவைக் கூட்டக் கூடாது. 0.01 மைக்ரோஃபாரட் வழியே சுமார் 0.7 மில்லி ஆம்பியர் கசியும், 0.1 வைத்தால் அது 7 ஆகிவிடும். பெரியம்மாவின் பெட்டியில் 0.0047 அளவுள்ள ஒய்2 வைத்து, ஃபியூஸும் சேர்த்து, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டியாதலால் சட்டத்துக்கு எர்த்தும் கொடுத்தேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி-டிசி வானொலிகளில் சட்டமே மின்கம்பியோடு இணைந்திருக்கும். எந்தக் கன்டென்சரும் அச்சட்டத்தைத் தொடத்தக்கதாக ஆக்காது. அதற்கு எர்த் கொடுக்கவும் கூடாது. அனுபவமில்லாதவர்கள் அவற்றைத் திறக்காதிருப்பதே நலம்.

பிறர் பொருள் நம் கைக்கு வரும்போது அது அமானிதம். அது பாடுகிறதா என்று மட்டும் பார்த்தேன். நான் வைத்த உறுப்பு கெடும்போது என்ன செய்யும் என்று கேட்கத் தவறினேன். என் குறிப்பேட்டைப் புரட்டி, முன்பு பழுது பார்த்துக் கொடுத்த ஏழு வீடுகளுக்கும் சென்றேன். “நல்லாத்தானே பாடுது ஹஜரத், எதுக்குத் தொறக்கிறீங்க?” என்று ஒருவர் சிரித்தார். சிறுவனின் கையைச் சொன்னேன். அவர் எழுந்து சென்று, செருகியைக் கழற்றிப் பெட்டியை என்முன் வைத்தார்.