மூச்சை வெட்டுகிற வேலை

செவ்வாய், இரவு

இன்று பகல் முழுக்க மூச்சு வெட்டினேன். டப்பிங்கில் மைக் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். வசனத்துக்கு முன்னால் இழுக்கிற மூச்சு, நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரிகிற 'ட்ச்', எச்சில் விழுங்குவது எல்லாம் அதில் விழுந்துவிடும். டைட்டிலில் டயலாக் எடிட்டர் என்று பெயர் வந்தாலும், பாதி நாள் செய்வது இவற்றைத் தேடிப் பிடித்து எடுக்கிற வேலைதான். இப்போது ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் துடைத்துவிடும் மென்பொருள் இருக்கிறது. எனக்கு உதவியாக இருக்கிற நம்ம தம்பி ஒரு ரீல் முழுவதையும் அதில் போட்டு எடுத்து வைத்திருந்தான். அம்மாவாக நடித்தவரின் காட்சியைக் கேட்டேன். படு சுத்தம். அந்த அம்மாவுக்கு வாக்கியத்தின் பாதியில் ஒரு சின்ன மூச்சுப் பிடிக்கும். பிடித்துவிட்டு மீதியை அவசரமாகச் சொல்வார். அது போய்விட்டது. குரல் அதே குரல்தான், அவரைக் காணோம்.

"டைரக்டர் க்ளீனா வேணும்னாருண்ணா."

"அவரு சொல்வாரு. நீ முதல்ல அன்டூ பண்ணு."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஹெட்ஃபோனில் ஆல்வின் லூசியரைப் போட்டேன். அமெரிக்க இசையமைப்பாளர். 1969-இல் அவர் உருவாக்கிய படைப்புக்கு, 'நான் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன்' என்று அர்த்தம் வருகிற தலைப்பு. செய்வதும் அதைத்தான். அறையில் உட்கார்ந்து சில வாக்கியங்கள் பேசிப் பதிவு செய்கிறார். அந்தப் பதிவை அதே அறையில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு மறுபடி பதிவு செய்கிறார். அதை ஓடவிட்டு மறுபடி. வாத்தியமும் கிடையாது, மெட்டும் கிடையாது. என்னிடம் இருப்பது 1980-இல் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் தன் வீட்டில் அவர் செய்த பதிவு. 32 சுற்று, முக்கால் மணி நேரம்.

பேசுகிற விஷயமும், இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதுதான். அறையின் அதிர்வுகள் பெருகிப் பெருகிப் பேச்சை அழித்துவிடும், தாளம் மட்டும் ஒருவேளை மிஞ்சலாம் என்கிறார். லூசியருக்குத் திக்குவாய். தாளம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலேயே முதல் எழுத்து மாட்டிக்கொண்டு தெறிக்கிறது. தன் பேச்சின் மேடுபள்ளங்களைச் சமப்படுத்தவே இதைச் செய்வதாகக் கடைசியில் சொல்கிறார். சமப்படுத்துவது என்கிற இடம் வந்ததும் அங்கேயும் திக்குகிறது. வேறு யார் பேசியிருந்தாலும் இது ஒரு பௌதிகப் பரிசோதனையோடு நின்றிருக்கும்.

சில சுற்றுகளில் காலித் தொட்டிக்குள் நின்று பேசுவதுபோல் ஆகிறது. பிறகு மெய்யெழுத்துகள் கரைகின்றன. உயிர் ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீள்கின்றன. பாதிக்கு மேல் மொழியே கிடையாது. ஏறி இறங்குகிற கணீர் நாதம் மட்டும். திக்கிய இடங்களின் அசைவு மட்டும் வெகுநேரம் நாதத்துக்கு அடியில் கிடந்து முட்டுகிறது. எந்தச் சொல் என்று இனித் தெரியாது, ஆனால் அந்த முட்டல் அவருடையதுதான். சமப்படுத்தப் போனவரின் பேச்சில் கடைசி வரை சமமாகாமல் அடம்பிடித்தது அதுதான்.

யாருக்கும் இதைக் கேள் என்று சிபாரிசு செய்ய மாட்டேன். வீட்டில் சத்தமாகப் போட்டால் ஸ்பீக்கர் போய்விட்டது என்பார்கள்.

புதன்

லூசியரின் அறையில் என்ன நடக்கிறது என்று தம்பிக்கு விளக்க வேண்டியிருந்தது. மேஜையில் இருந்த ஷூட்டிங் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு சுவருக்கு நடுவே 3 மீட்டர் என்றால், போய்த் திரும்ப 6 மீட்டர். ஒலி நொடிக்கு 340 மீட்டர் சொச்சம் ஓடும். வகுத்தால் ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும் அந்தச் சுவர்களுக்கு நடுவே தங்கி முழங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் தனித்தனி வரிசை. ஒரு சுருதி இன்னொன்றைவிட 1 டெசிபல் கூடுதலாகத் திரும்பி வந்தால் யாருக்கும் காதில் தெரியாது. ஆனால் 32 சுற்றில் அது 32 டெசிபல் ஆகிவிடும். மற்றொன்று இருந்த இடமே தெரியாது. அறை, தனக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தின்றுவிடுகிறது.

1970-இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் லூசியர் இதை முதலில் அரங்கேற்றியபோது, அவருடைய அப்போதைய மனைவி மேரி லூசியர் ஒரு போலராய்டு படத்தைப் பிரதி எடுத்து, பிரதியைப் பிரதி எடுத்து, அது உருத்தெரியாமல் போவதைக் கூடவே காட்டினார்.

"நாம துடைக்கிறோம், அவரு துடைக்க விடுறாரு" என்றான் தம்பி. சம்பளம் கூட்டிக் கொடுக்கலாம் இவனுக்கு. என் கையில் இல்லை.

வெள்ளி

என் அறையில் செய்து பார்த்தேன். விருகம்பாக்கம், மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது தெரு. முதல் காரியம் ஃபேனை நிறுத்துவது. ஓடினால் ஒவ்வொரு சுற்றிலும் அதன் உறுமல் ஏறி, பேச்சு கரைவதற்கு முன்பே அதை விழுங்கிவிடும். மே மாதத்தில் ஜன்னலையும் சாத்தி ஃபேனையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் வியர்வை மூக்கு நுனியிலிருந்து மைக்கின் மேல் சொட்டுகிறது.

பேசும்போதே தெருமுனையில் ஓர் ஆட்டோ ஹார்ன். அடுத்த சுற்றில் அந்த ஹார்ன் அறைக்குச் சொந்தமாகிவிட்டது. அதற்கு மேல் எதிர்வீட்டுக் குக்கர் விசில் புதிதாக வந்து உட்கார்ந்தது. அதற்கடுத்து, பழைய இரும்பு, பழைய பேப்பர் என்று பதிவுக் குரலை ஓடவிட்டபடி போகும் தள்ளுவண்டி. என் குரல் பாதி கரைந்த நிலையில், நானும் ஆட்டோவும் விசிலும் பழைய இரும்பும் ஒரே சுருதியில் முழங்கிக்கொண்டிருந்தோம். கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் அது என் அறையின் குரல் என்று சொல்லிக்கொள்ள முடியாது. லூசியரின் பதிவுக்குள் வெளியாள் யாரும் நுழைவதில்லை. 'நான்' என்று வாயைத் திறந்து அந்த 'நானை' மட்டும் முக்கால் மணி நேரம் கேட்க வேண்டுமென்றால், அதற்கேற்ற வீடும் தெருவும் வாய்க்க வேண்டும்.

எனக்கு லூக் ஃபெராரிதான் தோதுப்படுகிறார். பிரெஞ்சுக்காரர். அன்றைய யூகோஸ்லாவியாவில், இன்றைய குரோவேஷியாவில், கோர்ச்சுலா தீவிலுள்ள வேலா லூகா என்ற மீன்பிடி ஊர். அங்கே தங்கியிருந்த அறையின் ஜன்னலில் மைக்கை வைத்து, விடியும் முன்பே எழுந்து பதிவு செய்தார். தினமும் அதே வேளைக்குத் திரும்பி வருகிற சத்தம் எது என்று பார்த்தார். படகு மோட்டார், கழுதை, பேசிக்கொண்டு போகிறவர்கள், வெயில் ஏற ஏற எல்லாவற்றையும் மூடிவிடுகிற சிள்வண்டுகள். பல நாள் பதிவைக் கோத்து ஒரே காலை மாதிரி ஆக்கி, 'கிட்டத்தட்ட ஒன்றுமில்லை' என்று பொருள்படப் பெயர் வைத்தார். 1970-இல் முடித்தது, 20 நிமிடம். ஒரு ரயில் சத்தத்தைக்கூட அது ரயில் என்றே தெரியாதபடி வெட்டிக் கோத்துதான் இசையாக்க வேண்டும் என்று நம்பிய பாரிஸ் சகாக்களுக்கு இது பிடிக்கவில்லை. படகு படகாகவே இருந்தது அவர்களுக்கு உறுத்தல்.

ஞாயிறு

மேல்வீட்டுக்காரரை இன்று லிஃப்டில் பார்த்தேன். பார்த்தேன் என்பது சரியில்லை. யாரோ ஒருவர், மாத்திரைப் பையோடு, கண்ணாடி போட்டவர். கதவு திறந்ததும் வெளியே இரண்டு அடி வைத்தார்: வலது குதிகால் 'டப்', இடது செருப்பு 'சர்ர்' என்று இழுபட்டு ஒரு நொடி தாமதித்து வந்து சேர்ந்தது. இவரா! வருடக் கணக்காக என் கூரை மேல் நடந்துகொண்டிருப்பவர். பத்தரைக்கு நாற்காலியை இழுப்பவர், குழாயை மூடிய பிறகும் ஒரு தடவை திறந்து மூடுபவர். முகம் எனக்குப் புதிது, ஆள் பழக்கம். "சார் நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டேன். அவர் திகைத்துப்போய், "இருக்கேன்... நீங்க?" என்றார்.

காலடியே ஆளைச் சொல்லிவிடும் என்பதை நம்பித்தான் எங்கள் தொழிலில் ஒரு பிரிவே நடக்கிறது. யுனிவர்சல் ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஜாக் ஃபோலி, திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே நடிகர்களோடு சேர்ந்து நடந்து காலடியைப் பதிவு செய்தார். அவர் பெயரே இன்று தொழிலுக்குப் பெயர். எங்கள் ஸ்டுடியோவில் எஃபெக்ட்ஸ் பண்ணுகிற அண்ணன் நடிகரின் காலைப் பார்க்கவே மாட்டார். குளோசப்பில் கால் எங்கே தெரியும்? தோள்பட்டையைப் பார்ப்பார். எந்தத் தோள் முதலில் இறங்குகிறது, எவ்வளவு நேரம் கீழே நிற்கிறது. பிறகு மணல் தட்டிலோ கடப்பாக் கல்லிலோ ஏறி நிற்பார். அறுபது கிலோ மனிதர் நூறு கிலோ வில்லனாக நடப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பயமாக இருக்கும்.

தன் சத்தம் தனக்குத் தெரியாது என்பதற்குக் கிறிஸ்டின் சன் கிம்மைவிட உதாரணம் கிடையாது. 1980-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர், கொரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு. பிறவியிலேயே காது கேளாதவர். கதவை அறையாதே, கரண்டியைத் தட்டில் உரசாதே, சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்காதே என்று மற்றவர்களின் முகத்தைப் பார்த்தே ஒலி மரியாதையைக் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். தன் உடம்பிலிருந்து போகிற சத்தம் ஊராருக்குச் சொந்தமாக இருக்கிறது, தனக்கு இல்லை. அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளத்தான் ஒலிக் கலைஞரானார். ஒலியைக் கரிக்கோட்டிலும் சைகையிலும் படத்தின் அடிவரியிலும் வைக்கிறார். கேட்கிறவர்களான எங்களுக்கும் இதில் பெரிய உரிமை இல்லை என்றுதான் தோன்றுகிறது. லிஃப்டில் மேல்வீட்டுக்காரர் திகைத்ததைப் பார்த்த பிறகு, என் காலடியை யார் தலைமேல் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று கீழ்வீட்டைப் பற்றி யோசித்தேன்.

திங்கள்

டைரக்டர் வந்து கேட்டார். வெகுநேரம் பேரம். அம்மாவுக்கு மூச்சு இருக்கட்டும், ஹீரோவுக்கு வேண்டாம் என்று முடிந்தது. இந்தப் படத்தில் ஹீரோ இரண்டரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார்.

புதன்

சத்தத்தால் ஆளை அடையாளம் காண்பதில் எனக்கு இருந்த குதூகலத்தைக் கலைஞர் லாரன்ஸ் அபு ஹம்தான் பாதியாகக் குறைத்துவிட்டார். நெதர்லாந்தில் அடைக்கலம் கேட்டு வந்த சோமாலியர்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து, உச்சரிப்பை ஆராய்ந்து, நீ சொல்கிற பகுதி உன்னுடையது இல்லை என்று மனுவைத் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளப்பட்டவர்களோடு உட்கார்ந்து 2012-இல் இவர் ஒரு படைப்புச் செய்தார். ஒவ்வொருவரின் பேச்சும் எந்த ஊர், எந்த முகாம், யாருடன் சேர்ந்து வாழ்ந்த காலம் வழியாக வந்தது என்பதை வரைபடமாக்கினார். ஓடி ஓடிப் பிழைத்தவனின் நாக்கு ஒரே ஊரில் எப்படி நிற்கும்?

இன்னொன்று, சிரியாவின் சைத்னாயா சிறை. டமாஸ்கஸுக்கு வடக்கே இருப்பது. கைதிகள் இருட்டிலும் கண்கட்டோடும் கிடந்தவர்கள், பேசத் தடை. உயிரோடு வெளியே வந்தவர்களுக்கு அந்த இடம் காதால் மட்டுமே தெரியும். கதவு, பூட்டு, காவலாளியின் காலடி. 2016-இல் அபு ஹம்தான் அவர்களோடு உட்கார்ந்து அந்தக் கட்டடத்தைச் சத்தத்தை வைத்தே மீட்டெடுத்தார். உள்ளே எந்த அளவுக்குக் கிசுகிசுக்க முடிந்தது என்றும் கேட்டு அளந்தார். 2011-இல் கிளர்ச்சி தொடங்கிய பிறகு அந்த அளவு 19 டெசிபல் இறங்கியிருந்தது. அந்த 19-ஐத்தான் அடுத்த ஆண்டு ஒரு படைப்புக்குத் தலைப்பில் வைத்தார். போன வாரம் தம்பிக்கு டெசிபல் கணக்குப் போட்டுக் காட்டியபோது எவ்வளவு உற்சாகமாக இருந்தேன். அங்கே காலடியை வைத்து ஆளைத் தெரிந்துகொள்வது ரசனை கிடையாது. இன்று அடிப்பவன் யார் என்று அறிவது.

இதைப் படிக்கும் தமிழனுக்குக் கொழும்பு நினைவுக்கு வராமல் இருக்காது. 1983 ஜூலையில் தமிழர்களைத் தேடிய கும்பல்கள் வழிமறித்து, வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். 'பால்திய'. முதல் எழுத்து 'பஸ்'ஸில் வருகிற ப. வாளி, வாளி என்றே பழகிய நாக்கு அங்கே வழுக்கி 'வா' என்று தொடங்கிவிட்டால் போதும். தன் காதுக்கே எட்டாத ஒரு சின்ன வழுக்கல். ஆளை ஆளாக்குவது என்று நான் ஒரு வாரமாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிற அதே சமாச்சாரம்தான்.

நடிகர்களின் மூச்சை விட்டுவைப்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் இனிமேல், நேரில் பார்த்திராதவரிடம் போய் நல்லா இருக்கீங்களா என்று கேட்கமாட்டேன்.

சனி

லூசியர் 2021 டிசம்பரில், 90 வயதில் காலமானார். முடிந்துவிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு அவர் தன் ரத்தத்தைக் கொடுத்திருந்தார். அதிலிருந்த வெள்ளை அணுக்களை ஸ்டெம் செல்களாக்கி, அவற்றிலிருந்து மூளைத் திசுவைப் போன்ற சின்னஞ்சிறு உருண்டைகளை வளர்த்து, 2025-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரக் கலைக்கூடத்தில் வைத்தார்கள். கலைஞர்களும் ஒரு விஞ்ஞானியும் சேர்ந்து செய்தது. செல்களில் எழும் மின்துடிப்பு சுத்தியல்களை இயக்க, சுவரில் மாட்டிய 20 பெரிய பித்தளைத் தகடுகள் அதிர்ந்தன. 1965-இலேயே தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு தன் மூளை அலையால் மேளங்களை அதிர வைத்தவர் அவர். ஆகவே செத்த பிறகும் இசையமைக்கிறார் என்று எழுதுகிறார்கள்.

வீடியோவில் பார்த்தேன். நாதம் அருமை. இசையமைக்கிறார் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த உருண்டைக்குள் இருப்பது அவருடைய டி.என்.ஏ. திக்குவாய் அதில் எங்கே இருக்கிறது? பயந்த பையனாக வகுப்பில் எழுந்து நிற்காத செல், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு தவிக்காத செல், எதைச் சமப்படுத்தப் போகிறது?

ஒரு விஷயத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். அந்தக் கூடத்தில் மைக்குகளும் இருந்தன. தகடுகளின் ஒலியும், அறையில் கேட்ட மற்றச் சத்தங்களும் மின்துடிப்பாக மாறி அந்தச் செல்களுக்கே திரும்பிப் போயின. அறைக்குக் கொடுத்து, அறையிடமிருந்து வாங்கி, மறுபடி கொடுப்பது; 1969-இல் செய்த அதே சுற்று. மிடில்டவுன் வீட்டில் யாரையும் உள்ளே விடாதவர், இங்கே எல்லாரையும் விட்டார். பார்க்க வந்தவர்களின் இருமல், செருப்பு, குழந்தை அழுகை, காகிதத்தைக் கசக்குவது எல்லாம் போனது. வந்தவர்களில் திக்கிப் பேசுகிறவர் யாராவது இருந்திருந்தால், அதுவும் போயிருக்கும்.