மூடை ஏறுமா?

மதுரை மாவட்டத்து எழுமலைப் பக்கம் ஒரு காலத்தில் பால் கேன்கள் சைக்கிளில்தான் போயின. கேரியரின் இரண்டு பக்கமும் கொக்கியில் கேன் தொங்கும். மேலே இன்னொன்றைக் கயிறு போட்டு இறுக்கியிருப்பார்கள். இன்று அந்த வேலையை டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் வாங்கிக்கொண்டது. ஆனாலும் இருபுறமும் பை தொங்கவிட்டு ஊர் ஊராகப் போக, கட்டுப்படியான விலையில் சைக்கிள் தேடத் தொடங்கியபோது, என் மனசில் வந்து நின்றவை அந்தப் பால்கார சைக்கிள்கள்தான். கியர் எத்தனை என்று அவர்கள் கேட்டதில்லை. மூடை எங்கே உட்காரும் என்று பார்த்தார்கள்.

இந்தக் கேள்வியோடு கடைக்குள் போனால் பாதி சைக்கிள்கள் தாமாகவே கழிந்துவிடும். குறைந்த விலையில் மினுக்கிக்கொண்டு நிற்கும் கியர் சைக்கிள்கள் முதலில் போகும். முன்னால் ஒரு ஸ்பிரிங், நடுவில் ஒரு ஸ்பிரிங், தடித்த டயர். பார்க்கிற பையனுக்கு ஆசை வரும், வரட்டும். அப்படி ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த எங்கள் பக்கத்து சைக்கிள் கடைக்காரர் சொன்னார்: “கேரியர் மாட்ட ஓட்டையே இல்லையே தம்பி, இதுல எதைக் கொண்டு போயி கட்டுறது?” பின் அச்சுக்கு மேலே கேரியரின் கால் இறங்க இருபுறமும் ஒரு திருகுத் துளை, சீட்டுக்குக் கீழே இரண்டு துளை. இவை இல்லாத வண்டியில் மற்ற எல்லாம் இருந்தாலும் பயனில்லை. கிளிப் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். பத்துக் கிலோவுக்கு மேல் ஏற்றிப் பள்ளம் மேடு பார்த்த கிளிப்பை நான் நம்பமாட்டேன்.

துளை இருந்தாலும் போதாது, குதிகாலுக்கு இடம் வேண்டும். பெடல் சுழலும் நடு அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் உள்ள தூரம் பந்தய சைக்கிளில் ஏறத்தாழ 41 சென்டிமீட்டர். பயணத்துக்கென்றே செய்த சைக்கிளில் 44 முதல் 46 வரை வரும். இந்த மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் இல்லையென்றால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கும். பழைய பெரிய சைக்கிள்கள் இந்த விஷயத்தில் தாராளம். 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் போன்ற வண்டிகளில் பின் சக்கரம் நன்றாகத் தள்ளி நிற்கும். கேனும் இடிக்காது, காலும் நோகாது. முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 கம்பி என்று அவற்றில் கணக்கு வைத்ததும் பாரம் பின்னால் விழுவதால்தான். புதிய வண்டியில் பின் சக்கரத்துக்கு 36 கம்பியாவது இருக்கிறதா என்று நின்று எண்ணுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

மேல் பார் உள்ள சட்டமே சுமைக்கு உறுதி. பார் இல்லாத சட்டம், பின்னால் பாரம் ஏறியதும் வாலாட்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது சைக்கிள் கற்ற பெண்களில் சிலர், லேடீஸ் சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளையே விரும்பியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். குழந்தையை உட்காரவைக்க அந்த பார் உதவியது. ஆனால் பின்னால் பையும் மூட்டையுமாக இருக்கும்போது காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது லேசில்லை. முழங்கால் வலிக்காரர்கள் ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டு பார் இல்லாததையே எடுக்கலாம்.

அப்படியானால் அந்தப் பழைய பெரிய சைக்கிளே போதாதா? எழுமலையிலிருந்து பேரையூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போக அதுவே போதும். மலை வலப்புறம் கூடவே வரும், பாதை சமவெளி. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியும். அதன் முன் பல்சக்கரத்தில் 48 பல், பின்னால் 18 பல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். சுமையோடு ஏற்றத்தில் அதை மிதிக்க முடியாது, இறங்கித் தள்ளத்தான் வேண்டும். முன்னால் 28, பின்னால் 32 கிடைக்கிற கியர் வண்டியில் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்கூட நகராது, அதனாலேயே மூச்சு வாங்காது. ஆடி மாதத்தில் தேனிப் பக்கம் போகிறவருக்கு மேற்கிலிருந்து எதிர்க்காற்றும் சேரும். அகலப் பைகள் அந்தக் காற்றை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆகையால் பெரிய கியரைப் பற்றிக் கவலைப்படாமல், மிகச் சிறிய கியர் எவ்வளவு சிறியது என்று மட்டும் கேளுங்கள்.

டயர் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. பழைய சைக்கிளின் 28 இஞ்ச் சக்கரத்தில் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். புதிய ஹைபிரிட் சைக்கிள்களிலும் 28 என்று போட்டிருப்பார்கள், அது 622. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. கிராமத்துக் கடையில் முன்னது கிடைக்கும், பின்னது பெரும்பாலும் கிடைக்காது. சீமைக் கருவேல முள் இறைந்து கிடக்கும் நம் பக்கத்துச் சாலைகளில் மாற்று டியூப் இரண்டு இல்லாமல் கிளம்பக் கூடாது. வால்வு மோட்டார் சைக்கிள் வகையாக இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே காற்று அடித்துக்கொள்ளலாம். டயர் 35 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கட்டும்.

சர்லி போன்ற வெளிநாட்டு டூரிங் சைக்கிள்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். நம்மில் பலருக்கு அது தேவையே இல்லை. என் தீர்ப்பு, ஸ்பிரிங் இல்லாத முன் ஃபோர்க், கேரியர் துளைகள், மூன்று முன் பல்சக்கரம் உள்ள சாதாரண ஹைபிரிட். அதன் மேல் 25 கிலோ தாங்கும் நல்ல கேரியருக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். கடைக்குப் போகும்போது பைகளையும் நிரப்பி எடுத்துப் போங்கள். மாட்டி, ஏறி, தெருமுனை வரை மிதித்துப் பாருங்கள். குதிகால் இடிக்கவில்லை என்றால் மட்டும் விலை பேசுங்கள்.