தாம்பரத்தில் ஒரு சாய்வெயில்

ஏப்ரல் கடைசி வாரத்து நடுப்பகலில் தாம்பரத்தில் நிழல் என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. ஜி.எஸ்.டி. சாலையின் விளக்குக் கம்பங்கள் தம் நிழலைத் தம் அடியிலேயே சுருட்டி வைத்துக்கொள்கின்றன. சென்னையும் அதன் தென்புறமும் வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும், இதைப் பார்க்கின்றன. இங்கே பிறந்தவர்கள் "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் இருந்து இறங்கிய நான், சனக்கூட்டத்துக்கு நடுவில் நின்று என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வளர்ந்தது நோர்வேயின் வடக்கே, ட்ரோம்சோவில். வடதுருவ வட்டத்துக்கும் மேலே, 69 பாகையைத் தாண்டிய ஊர். அங்கே ஜூன் மாத நடுப்பகலில்கூடச் சூரியன் 44 பாகைக்கு மேல் ஏறாது. நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போனால் ஜனவரி நடுவில்தான் திரும்ப வரும். அங்கே வெளிச்சம் என்றாலே பக்கவாட்டில் இருந்து வருவது. உச்சந்தலையில் வெயில் விழும் என்பதைப் பாடப் புத்தகத்தில்தான் படித்திருந்தேன்.

சேலையூரில் சின்னம்மா வீடு. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு அம்மா வடக்கே போனார், சின்னம்மா கடலைத் தாண்டி இங்கே வந்து தங்கிவிட்டார். அவருடைய மகன், என் தம்பி, தாம்பரத்துப் பிள்ளை. மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு நிறுவனத்தில் வேலை. லீவு நாளெல்லாம் அவன் தன் அறையைச் சாத்திக்கொண்டு, முகத்துக்கு வெளிச்சம் வைப்பது எப்படி என்று தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறான்.

முதலில் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனான். பன்னிரண்டு மணி. விமானப்படைத் தளத்துப் பக்கமிருந்து ஒரு பயிற்சி விமானம் இரைந்துகொண்டு போனது. ஒரு படம் எடுத்துக் கேமராவின் திரையைத் திருப்பிக் காட்டினான். நெற்றியும் மூக்கின் மேடும் வெளுத்துப்போய், கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கருங்குழிகள். மூக்கின் நிழல் மேலுதட்டின் மேல் விழுந்திருந்தது.

"இந்த ஊர்ப் பன்னிரண்டு மணி வெயில் ஆளைக் காட்டாதுக்கா. மண்டையோட்டைத்தான் காட்டும்" என்றான். "காலைல ஒன்பது மணிக்கு வந்திருந்தா உங்க ஊர் வெயில் மாதிரியே சாய்ஞ்சு விழுந்திருக்கும். ஆனா அது நிக்காது."

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏப்ரல் கடைசியில் தாம்பரத்தில் காலை ஒன்பது மணிக்குச் சூரியன் நிற்பது ஏறக்குறைய 44 பாகையில். ட்ரோம்சோவில் ஒரு கோடை முழுவதும் காத்திருந்து எட்டுகிற உச்சியை, தாம்பரத்துச் சூரியன் காலை இட்லி நேரத்தில் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது. பத்து மணிக்கெல்லாம் 58ஐத் தாண்டிவிடும். முகத்துக்கு ஒத்துவருகிற வெளிச்சம் எங்கள் ஊரில் மணிக்கணக்காக நிற்கும், இங்கே வந்த வேகத்தில் ஓடிவிடும். அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் தம்பி தன் அறைக்குள் இரண்டு விளக்குகளை வாங்கி வைத்திருக்கிறான்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துவிட்டால்தான் கேமராவுக்கு இடம். இரண்டு ஸ்ட்ரோப் ஃபிளாஷ் விளக்குகள், ஒவ்வொன்றும் 300 வாட்-செகண்ட். அவற்றை வெடிக்கவைக்கக் கேமராவின் தலையில் செருகுகிற சின்ன ட்ரிக்கர், ஒரு வெள்ளைக் குடை, ஒரு சாஃப்ட்பாக்ஸ், இரண்டு ஸ்டாண்டு. எல்லாம் சேர்த்து ஒரு நடுத்தரக் கைபேசியின் விலைதான். மிச்சமெல்லாம் அவனே சேர்த்தது. எதிரொளிக்கு ஸ்டேஷனரிக் கடைத் தெர்மோகோல். வேண்டாத பக்கம் வெளிச்சம் சிதறாமல் தடுக்க, அவன் அப்பா சபரிமலைக்குக் கட்டிய கறுப்பு வேட்டி. பின்னணிக்கு ஒரு சாம்பல் நிறத் திரைச்சீலை. அது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மேசைகளுக்கும் அவிழ்த்துப்போட்ட டி.வி.களுக்கும் நடுவில் கிடந்ததாம்.

ஜன்னல் திறந்தே இருந்தது, வெளியே இரண்டு மணி வெயில். தம்பி ஷட்டரை 160இல் ஒரு பங்கு விநாடிக்கும், அபர்ச்சரை எஃப் 8க்கும், ஐ.எஸ்.ஓ.வை 100க்கும் வைத்தான். ட்ரிக்கரை அணைத்துவிட்டு என்னைப் படம் எடுத்தான். திரையில் ஒன்றுமே இல்லை. முழுக் கறுப்பு.

கண்ணுக்கு இவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிற அறை கேமராவுக்கு நள்ளிரவாகிவிட்டது. ஃபிளாஷின் வெடிப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி போல மிகச் சிறியது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அதனால் அறையின் வெளிச்சத்தை ஷட்டர் குறைக்கும், ஃபிளாஷின் வெளிச்சத்தை அபர்ச்சர் ஆளும். முதலில் உள்ள வெளிச்சத்தையெல்லாம் துடைத்துவிட வேண்டும், பிறகு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். துருவ இரவில் வளர்ந்த எனக்கு அந்தக் கறுப்புப் படம் மிகப் பழக்கமான இடமாக இருந்தது. அங்கேயும் நாங்கள் மேசை விளக்கை எங்கே வைப்பது என்பதில் இருந்துதான் ஒவ்வொரு நாளையும் தொடங்குகிறோம்.

அடுத்த படத்துக்கு ட்ரிக்கரைப் போட்டான். டப் என்று ஒரு சத்தம், பிறகு விளக்கு மறுபடி நிறைந்துவிட்டதைச் சொல்லும் 'பீப்'. படத்தில் என் முகம் இருந்தது, தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் இறக்கைகள் ஏறக்குறைய அசையாமல் நின்றிருந்தன.

ஸ்டாண்டின் கழுத்தில் ஒரு வெள்ளைக் கயிறு கட்டியிருக்கிறான். அடிக்கு ஒரு முடிச்சு. உட்கார்ந்திருப்பவரின் மூக்கு நுனிவரை அதை இழுத்து அளக்கிறான். மூன்றாவது முடிச்சில் இருந்த விளக்கை ஆறாவது முடிச்சுக்கு நகர்த்தினால் முகத்தில் விழும் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு அவன் செய்கிற வேலைதான் எனக்குப் பெரிய வியப்பு. சின்னம்மாவைச் சுவரில் இருந்து தள்ளி உட்காரவைத்து விளக்கை முகத்தருகே கொண்டுபோனான். பின்னால் இருந்த வெள்ளைச் சுவர் படத்தில் கருஞ்சாம்பலாகிவிட்டது. அவரைச் சுவரோடு சேர்த்து உட்காரவைத்து விளக்கைப் பின்னுக்கு இழுத்தான், அதே சுவர் வெள்ளையாகிவிட்டது. சுண்ணாம்பும் மாறவில்லை, விளக்கும் மாறவில்லை. தூரம்தான் மாறியது.

விலைமலிந்த விளக்கில் குறை இல்லாமல் இல்லை. சுவரில் செருகினால்தான் எரியும், கரண்ட் போனால் வேலை நின்றுவிடும். அடுத்தடுத்து அடித்தால் நிறம் லேசாக மாறும். ஆனால் இந்த அறையில் அந்த 300 வாட்-செகண்டே அதிகம். பதினாறில் ஒரு பங்குக்குக் குறைத்துத்தான் ஓட்டுகிறான். இரண்டு மடங்கு, பத்து மடங்கு விலையுள்ள விளக்குகள் வேகத்தையும் சீரையும் தரும். அதே குடைக்குள் அதே இடத்தில் வைத்தால் முகத்தில் விழுகிற வெளிச்சத்தில் விலை தெரியாது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பள்ளி வகுப்புப் படம் ஒன்று ட்ரோம்சோ வீட்டில் இருக்கிறது. பின்னால் பனி, வரிசையாக வெளிர்முகங்கள், அவற்றின் நடுவில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற ஒரு கருநிழல். அது நான். படம் எடுத்தவர் மற்ற முகங்களுக்கு அளந்து வைத்தார், எனக்கு அளக்கவில்லை. அந்தப் பழக்கம் உலகம் முழுவதும் இருந்திருக்கிறது. கோடாக் நிறுவனம் 1950களில் இருந்து ஆய்வகங்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொண்டார்கள். நம் ஊர் ஸ்டூடியோக்கள் இதற்கு வேறு வழி கண்டன. பவுடரை அப்பி, இரண்டு பக்கமும் சம அளவில் வெளிச்சத்தை ஊற்றி, நிழலையும் நிறத்தையும் சேர்த்தே கழுவிவிட்டன.

தம்பி பவுடரைத் தொடுவதில்லை. கருமையான தோல் உள்வாங்கும் ஒளி அதிகம், ஆனால் தோலின் மேற்பரப்பு மினுக்கம் எந்த நிறத்துக்கும் ஒன்றுதான். நம் முகத்தின் மேடுபள்ளத்தை எழுதுவது அந்த மினுக்கம். அது விளக்கின் பிம்பம். விளக்கு சிறியதாக இருந்தால் எண்ணெய்ப் புள்ளி போல ஓரிடத்தில் பளிச்சிடும், பெரியதாக இருந்தால் கன்னத்தெலும்பு நெடுக நீண்டு பரவும். அதனால் அவன் ஸ்ட்ரோபை என் பக்கம் திருப்பாமல் பக்கச் சுவரைப் பார்த்துத் திருப்பினான். சுவர் முழுவதும் ஒரே விளக்காகிவிட்டது. அந்தப் படத்தில் என் நிறம் என் நிறமாகவே இருந்தது, நெற்றியில் இருந்து தாடைவரை அதன் மேல் வெளிச்சம் நடந்துபோயிருந்தது. என் முகத்தை இத்தனை வருடத்தில் ஒரு படத்தில் முதன்முறையாகப் பார்த்தேன் என்றே சொல்வேன்.

கீழ்வீட்டுப் பாட்டியை அழைத்து வந்தார்கள். இந்த முறை குடை. நெற்றியில் விபூதி, மூக்கில் வைர மூக்குத்தி, பெரிய கண்ணாடி, எண்ணெய் வைத்து வாரிய தலை.

"என்னடா இது, மின்னல் மாதிரி வெட்டுது" என்றார் பாட்டி முதல் படத்துக்கு.

"இன்னும் ரெண்டே ரெண்டு பாட்டி. கண்ணாடியில குடை தெரியுது."

இரண்டு வில்லையிலும் வெள்ளைக் குடை அப்படியே இருந்தது. எந்தக் கோணத்தில் ஒளி வந்து படுகிறதோ அதே கோணத்தில் திரும்பிப் போகும். அதனால் விளக்கை ஒரு முழம் உயர்த்தினான், பாட்டியின் கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் ஒரு விரற்கடை தூக்கி வைத்தான். வில்லைகள் லேசாகக் கீழே சாய்ந்தன, பிரதிபலிப்பு தரைக்குப் போய்விட்டது. விபூதி வெளுத்து எரிந்ததால் விளக்கின் சக்தியைக் கொஞ்சம் குறைத்து, நிழல் பக்கத்தில் தெர்மோகோலை நெருக்கினான். இரண்டாவது ஸ்ட்ரோபைப் பின்னால் உயரத்தில் வைத்தபோது எண்ணெய்த் தலையில் ஒவ்வொரு நரையும் தனித்தனியாக எழுந்தது. கூந்தலுக்கு வெளிச்சம் வைக்க மற்ற நாட்டுக்காரர்கள் படும் பாட்டில் பாதியைத் தேங்காய் எண்ணெயே செய்துவிடுகிறது. இரண்டு கருவிழிகளிலும் குடையின் புள்ளி, மூக்குத்தியில் மூன்றாவது. நான் கேமராத் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்த மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்மணியில் விழுகிற அந்தப் புள்ளியை வைத்து எந்தப் படத்தையும் படிக்கலாம் என்று தம்பி காட்டினான். 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு தேடித் திரட்டியிருக்கிறது. அந்தப் பழைய படங்களைப் பெரிதாக்கி, கண்ணுக்குள் இருப்பதைத் தேடினோம். மின்சாரம் வராத காலத்து ஸ்டூடியோக்களில் கூரையிலும் சுவரிலும் கண்ணாடி பதித்து, வெள்ளைத் துணிகளை இழுத்தும் விலக்கியும் சூரியனைச் சாய்த்தார்கள். அலெக்சாண்டர் ஹண்டர் 1856இல் மதராஸ் புகைப்படச் சங்கத்தைத் தொடங்கிய நாளில் இருந்தே இந்த ஊர்க்காரர்களின் கவலை உச்சிவெயிலை முகத்துக்கு ஏற்றபடி இறக்குவதாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சேலையூரில் இருந்து வேளச்சேரி வழியாகப் போனால் தரமணியில் திரைப்படக் கல்லூரி. அங்கே படித்த ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் 'நாயகன்' (1987) படத்துக்காகத் தேசிய விருது பெற்றார். முகத்தில் பாதியை இருட்டில் விட்டால் ஆள் மறைந்துபோவதில்லை என்பதை அந்தப் படத்தை வீடியோவில் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

திரும்புவதற்கு முன்னால் நான் தம்பியிடம் ஒன்று கேட்டேன். ஸ்டாண்டைக் கீழே, கிட்டத்தட்ட கண்மட்டத்துக்கு இறக்கச் சொன்னேன். குடையை எடுத்துவிட்டு, விளக்கின் மேல் ஆரஞ்சு நிறத் தாளைக் கட்டச் சொன்னேன். அறையின் மூலைக்கு விளக்கைத் தள்ளினோம். ட்ரோம்சோவில் பிப்ரவரி மாதச் சூரியன் வருகிற வழி அது. மலை விளிம்பை ஒட்டி உருண்டு, படுத்தபடியே ஜன்னலுக்குள் வந்து எதிர்ச்சுவர்வரை போகும். சின்னம்மாவை உட்காரவைத்தோம். கன்னத்தின் ஒரு பக்கம் செம்பொன்னாகி, சுவரில் அவருடைய நிழல் நீளமாக விழுந்த படம் வந்தது.

சின்னம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "அக்கான்ர ஊர் வெயில் இதோ பிள்ளை?" என்று கேட்டார். ஓம் என்றேன். "வீடியோவில அவ முகம் எப்பவும் இப்பிடித்தான் ஒரு பக்கமாக் கிடக்கும். நான் போன் சரியில்லையெண்டு நினைச்சன்."

அதே மாதிரி இரண்டு விளக்குகளுக்கு நான் இப்போது சொல்லிவைத்திருக்கிறேன். ட்ரோம்சோவில் எங்கள் வீட்டு மாடி அறையின் கூரை சரிவானது. ஸ்டாண்டை ஆறடிக்கு மேல் உயர்த்த முடியாது. தாம்பரத்து உச்சிவெயிலை அந்த அறைக்குள் கொண்டுவர, கூரையின் சரிவில் தெர்மோகோலை ஒட்டி ஸ்ட்ரோபை மேல்நோக்கி அடிக்கலாம் என்கிறேன் நான். அப்படி அடித்தால் வெளிச்சம் பரவி மேகமூட்டமாகிவிடும், ஆளைத் தரையில் பாயில் உட்காரவைத்துக் குடையில்லாமல் நேர்மேலே இருந்து அடித்தால்தான் அது சித்திரை வெயில் என்கிறான் தம்பி. நவம்பரில் முதலில் அவன் சொன்னதைத்தான் அம்மாவை வைத்துச் செய்துபார்க்கப்போகிறேன்.