பொங்கல் ஒழுகாத தட்டு

பௌர்ணமி ராத்திரி, மணி பன்னிரண்டு இருக்கும். பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பாதியைத் தாண்டிவிட்டோம். 'இனிமே உன்கூட வேலை செய்ய மாட்டோம்' என்று ரெண்டு காலும் ஸ்ட்ரைக் நோட்டீஸ் கொடுக்கும் நேரத்தில் வந்து சேர்கிற ஊர்தான் அடி அண்ணாமலை.

டவுனில் ராஜகோபுரத்துக்குப் பின்னால் தெரிகிற மலை வேற, இங்கிருந்து தெரிகிற மலை வேற. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரியவர் மாதிரி இருக்கும். இங்கே ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இருக்கிறது. டவுன் கோயிலைவிட இதுதான் பழசு என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். மாணிக்கவாசகருக்கும் தனிக்கோயில் உண்டு. ஆனால், அன்றைக்கு எங்களை நிறுத்தியது கோயில் இல்லை, பொங்கல் வாசனை!

நான் மெட்டீரியல்ஸ் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். கூட வந்தவன் அதே காலேஜில் ஃபுட் டெக்னாலஜி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். இப்போது டிபார்ட்மென்ட்தான் வேற வேற.

முதல் பந்தலில் சில்வர் பேப்பர் தட்டு. அடுத்ததில் பாக்குமட்டை. கொஞ்சம் தள்ளி ஒரு ஆயா மந்தாரை இலையில் தைத்த தட்டை அடுக்கிவைத்திருந்தார். மூன்றையும் ருசி பார்த்தோம் (பொங்கலைச் சொல்கிறேன்). மூன்றாவது தட்டு முடியும்போது நண்பன் ஆரம்பித்தான். "மச்சான், உள்ள இருக்கிறது என் சிலபஸ். வெளியே இருக்கிறது உன் சிலபஸ். ரோடெல்லாம் கிடக்கிற குப்பை யாரோட சிலபஸ்டா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு எங்கள் காலேஜில் ஏற்கெனவே ஒரு பதில் கிடைத்திருந்தது. சூடான சாப்பாட்டைத் தாங்குகிற, நிஜமாகவே மக்குகிற தட்டு பற்றி ரெண்டு பேரும் சேர்ந்து ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்யலாமா என்று கேட்டோம். "ரெண்டு டிபார்ட்மென்ட்டா? ரிப்போர்ட்ல யார் கையெழுத்து போடுறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தட்டு என்ன பெரிய ராக்கெட்டா என்று நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகளுக்கும் கப்புகளுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து தடை. காகிதம், பசை, மெல்லிய பிளாஸ்டிக் படலம் எல்லாம் ஒட்டிக்கிடந்தால் பிரித்தெடுக்கவும் முடியாது, மக்கவும் மக்காது. பேப்பர் கப்பிலும் இதே கதைதான். சூடான தண்ணீர் ஊற்றிய பேப்பர் கப்பில் பதினைந்தே நிமிஷத்தில் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் இறங்குவதாக ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வு சொன்னது.

சரி, மாற்று? மக்காச்சோளச் சர்க்கரையிலிருந்து செய்கிற பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இருக்கிறது. சுமார் 60 டிகிரியிலேயே இளகிவிடும், நம்ம பொங்கலோ அதைவிடச் சூடு. அது ஒழுங்காக மக்குவதற்கும் கிட்டத்தட்ட அதே 60 டிகிரி சூட்டில் வாரக்கணக்கில் உரக்கிடங்கில் கிடக்க வேண்டும். கிரிவலப் பாதை ஓரத்துக் குப்பைத்தொட்டியில் நடக்கிற காரியமா அது? கரும்புச் சக்கைத் தட்டு நல்லதுதான், ஆனால் நெய்யைக் குடித்துவிடும். எண்ணெய் இறங்காமல் இருக்க உலகம் முழுக்கப் பலர் சேர்த்துவந்த ஃபுளோரின் ரசாயனங்களோ, மக்கவே மக்காது என்று பெயரெடுத்தவை.

பாக்குமட்டை இயற்கையாச்சே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். பாக்கில் இருக்கிற ஆல்கலாய்டுகள் சாப்பாட்டில் இறங்கலாம் என்று சொல்லி, 2025-ல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அந்தத் தட்டுகளுக்கு எதிராக எச்சரித்தது. மட்டை எவ்வளவு எடை தாங்கும் என்று என்னால் கணக்குப் போட முடியும். சாம்பாரில் என்ன இறங்குகிறது என்று கண்டுபிடிக்க என் நண்பன்தான் வேண்டும்.

இதையெல்லாம் நாங்கள் சத்தமாக விவாதிக்க, தட்டு அடுக்கிய ஆயா பொறுமையிழந்துவிட்டார். "இன்னா கண்ணு, இதுக்குப் போயி இம்மாம் பேச்சு? காஞ்ச எலைல அப்படியே போட்டா ஒடஞ்சிடும். கொஞ்சம் தண்ணி தெளிச்சு வெச்சிட்டு அப்பால போடணும்."

நண்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

என் பாடத்தில் 'கிளாஸ் ட்ரான்சிஷன்' என்று ஒரு சமாசாரம் வரும். கண்ணாடி மாதிரி விறைத்து நிற்கிற பொருள், ஒரு குறிப்பிட்ட சூட்டில் ரப்பர் மாதிரி இளகும். உள்ளே தண்ணீர் புகுந்தால் அந்தச் சூடு இன்னும் கீழே இறங்கும். தண்ணீர் தெளித்த இலை உடையாமல் வளைவது அதனால்தான். "டேய், அப்பளம் நமத்துப்போறதுக்கு எங்க மேடம் இதையேதான்டா சொன்னாங்க!" என்று கத்தினான் அவன். ஒரே பாடம். ரெண்டு பில்டிங்கில், ரெண்டு புத்தகத்தில், ரெண்டு பேரும் தனித்தனியாக மனப்பாடம் செய்திருக்கிறோம்.

நம்ம ஊரில் இந்தப் பிரிவினை முன்பு இல்லை. ஈயச் சொம்பில் ரசம் வைத்தவர்களுக்கு, உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பு உருகாது, காலியாக அடுப்பில் வைத்தால் போச்சு என்று தெரியும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், ரசம் 100-ஐ ஒட்டிக் கொதிக்கும்.

இப்போதும் வழி அடைந்துவிடவில்லை. கிண்டி ஏ.சி. டெக் வளாகத்தில் செராமிக் டெக்னாலஜியும் ஃபுட் டெக்னாலஜியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. திருச்சி என்.ஐ.டி.யில் மெட்டீரியல்ஸ் படிக்கிறவர் பஸ் ஏறினால், 2021-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமான தஞ்சாவூர் நிஃப்டெம் போய்விடலாம். மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் உணவு பேக்கேஜிங்குக்கென்றே தனித்துறை உண்டு. பேக்கேஜிங்கை மட்டுமே படிக்க, 1966-ல் மும்பையில் தொடங்கிய இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங் இருக்கிறது. விவசாயக் கழிவில் காளான் இழைகளை வளர்த்து தெர்மாகோலுக்கு மாற்று செய்கிற ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வு 2025-ல் வெளியானது. உங்கள் காலேஜில் ஓப்பன் எலெக்டிவ் இருந்தால், 'ஈஸி மார்க்' பேப்பரைத் தேடாமல் பக்கத்து பில்டிங் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

குபேர லிங்கம் வருவதற்குள் நாங்கள் முடிவு செய்துவிட்டோம். கையெழுத்துதானே பிரச்னை? ரெண்டு புராஜெக்ட், ரெண்டு ரிப்போர்ட், ரெண்டு கையெழுத்து. தட்டு மட்டும் ஒன்று. வலிமை, எண்ணெய் உறிஞ்சுவது, மக்குவது என் பக்கம். தட்டிலிருந்து சாப்பாட்டில் என்ன இறங்குகிறது என்பது அவன் பக்கம்.

விடிகாலை பஸ்ஸில் ஏறும்போது, ஆயாவிடம் காசு கொடுத்து வாங்கிய இலைத்தட்டு கட்டு என் மடியில். கூடவே கழுவித் துடைத்த பாக்குமட்டை நாலு. பக்கத்து சீட் அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் தம்பி, பிரசாதம் தீந்துபோச்சா? வெறும் தட்டைக் குடுத்து அனுப்பிட்டாங்களா?"